அவர் இல்லத்தரசி அல்ல

மறைந்த அந்த அம்மாவின் கையால் முடி வெட்டிக்கொண்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளே!

அஞ்சலி செலுத்தத்தான் வெளியூரிலிருந்து பஸ் ஏறினேன். காலை ஆராதனையில் நினைவு மலரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு சண்டை போடுவதற்காக இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். அந்த அம்மாவின் பேரன் அதற்கு எழுதிக்கொடுத்த தாளை நான் பார்த்தவன். 'முடிதிருத்துநர்' என்று தெளிவாக எழுதியிருந்தான். அந்தத் தாள் சபைக் கமிட்டிக்குப் போய், அச்சாகி வந்தபோது அந்தச் சொல்லைக் காணோம். அந்த இடத்தில் என்ன இருக்கிறது? 'இல்லத்தரசி'!

எந்த இல்லம் ஐயா? விடிவதற்கு முன்னே கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டு கிளம்பினால், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பிய மனுஷி. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த அன்று சவரப் பெட்டியைத் தூக்கினார். நாலு பிள்ளைகள். முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் சின்னப் பையன்கள். அடுத்து, கட்டிலோடு கிடந்த கிழவர்கள் சொல்லியனுப்பினார்கள். "பொம்பளை கையில கழுத்தை நீட்டுறதா?" என்று திண்ணையில் மீசை முறுக்கிய மாவீரர்கள், ஐப்பசி மழையில் டவுன் பஸ் நின்றுபோன வாரம், பெண் பார்க்கப் போக வேண்டிய அவசரத்தில், அதே கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று கமிட்டியில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் கன்னம் சொல்லும்!

நம் பக்கத்துச் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எல்லோருக்கும் தெரியும். நாலு காசு பார்க்கிற நாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கத்தியைத் தொட்டதில்லை. முதல் மணிக்குக் கோயில் வாசலில் நிற்பார். கைப்பிடி அரிசிக் காணிக்கை ஒரு வாரம் தவறியதில்லை. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஏலம் விட அவர் கொண்டுவருகிற பூசணிக்காயைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். காணிக்கைத் தட்டில் விழுந்த அந்தக் காசு எங்கிருந்து வந்தது? உங்கள் தலையிலிருந்து வந்தது! காசை எண்ணி வாங்கிக்கொண்ட கை, தொழிலை மட்டும் அடித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று எழுதுகிறது.

கேட்டால், தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமாம், பேத்திக்கு வரன் வராதாம். வரனைப் பற்றிப் பேத்தி கவலைப்படவில்லை, கமிட்டி கவலைப்படுகிறது! அந்தத் தொழிலின் பெயரை வசவாக்கியது யார்? சிரைத்தவர்களா, சிரைத்துக்கொண்டவர்களா?

சாதியைப் பற்றிக் கோயில்காரர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வடக்கன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே பீடத்துக்கு இரண்டு கால் வைத்த மாதிரிக் கட்டி, இடையில் சுவர் எழுப்பி, சாதிக்கு ஒரு பக்கமாக மண்டியிட்ட கோயில் அது. 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். கல் சுவர் போய்விட்டது. இப்போது அச்சு எழுத்தில் சுவர் கட்டுகிறீர்கள்.

பவுல் கெங்கிரேயாவில் தலைச்சவரம் பண்ணிக்கொண்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பவுல் கூடாரம் செய்தார், பேதுரு வலை வீசினார், ஆண்டவர் தச்சர். வேதத்தை நம் கமிட்டி அச்சடித்திருந்தால் யோசேப்பு 'மரச்சாமான் தொழிலதிபர்' ஆகியிருப்பார்!

2019-இல் உத்தரப் பிரதேசத்துப் பன்வாரி டோலா கிராமத்துச் சகோதரிகள் இரண்டு பேர் சச்சின் டெண்டுல்கருக்குச் சவரம் செய்த படம் வந்தது. அப்பா படுத்துவிட்டதால், ஆண்பிள்ளை வேஷம் போட்டுக் கடை நடத்திய பெண்கள். அதைப் போனில் எனக்கு அனுப்பி 'சிங்கப் பெண்கள்' என்று எழுதியவர் யார் தெரியுமா? இந்த நினைவு மலரைத் திருத்திய அதே ஆள்! மராட்டியத்தில், கோலாப்பூர்ப் பக்கத்தில், கணவர் இறந்த பிறகு கத்தி எடுத்து நாலு பெண்களைக் கரையேற்றிய சாந்தாபாய் யாதவை நாடே கொண்டாடுகிறது. தூரத்துப் பெண் கத்தி எடுத்தால் சிங்கம். நம் தெருப் பெண் எடுத்தால் இல்லத்தரசி!

அந்த அம்மாவின் மாமியார் மருத்துவச்சி. ஆண்கள் கத்தியோடு போக, முடிதிருத்தும் குடும்பங்களில் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுத்தது அந்த வீட்டுக் கை. சவப்பெட்டி மூடுமுன் நம் தாத்தாக்களின் முகத்தை மழித்ததும் அந்த வீட்டுக் கைதான். என் அப்பாவுக்கு அந்த அம்மாதான் செய்தார். வெந்நீர் கேட்டார். "செத்தவருக்கு எதுக்குச் சுடுதண்ணி?" என்றேன். "குளிர்ந்த தண்ணியை அவருக்குப் பிடிக்காதே தம்பி" என்றார். நாற்பது வருஷம் அந்த முகத்தைத் தொட்ட கைக்குத் தெரிந்தது, பெற்ற பிள்ளை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்கா நீங்கள் வேறு பேர் வைக்கிறீர்கள்?

கல்லறைக் கல் இன்னும் வெட்டவில்லை. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குவார். நான் விரல் விட்டு எண்ணிவிட்டேன். 'இல்லத்தரசி' ஏழு எழுத்து. 'முடிதிருத்துநர்' எட்டு எழுத்து. கமிட்டியே, உங்கள் ஏழு எழுத்துக்கான பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு எழுத்துக்கும் பணம் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. பேரன் மேடைக்கு வரட்டும்.