எண் காட்டும் வழியில் ஒரு சித்திரம்



கோயமுத்தூரிலிருந்து தடாகம் வழியாக மேற்கே செல்லும் சாலை, ஆனைகட்டியில் தமிழகத்தை விட்டுக் கேரளத்துக்குள் புகுந்து அட்டப்பாடியை நோக்கிப் போகிறது. எல்லைக்கு அப்பால், பாலக்காடு மாவட்டப் பக்கத்தில், என் தமக்கையார் வசிக்கிறார். சென்ற கோடையில் டெல்லியிலிருந்து சென்று அவருடன் 15 நாட்கள் தங்கினேன்.

அவருடைய கணவர் காலமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. அதன் பின்னும் அவர் வாசலில் கோலமிடவில்லை. 'கை போகவில்லை' என்றார். வெளியூரிலுள்ள மகள் அனுப்பிய பெட்டியொன்று பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது. நான்தான் பிரித்தேன். உள்ளே ஒரு சித்திரத் துணி. அதன்மேல் மெல்லிய கோடுகள், கோடுகளுக்குள் எண்கள். அதே எண்கள் ஒட்டிய சிறு வர்ணச் சிமிழ்கள், மூன்று தூரிகைகள். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணோ அந்த வர்ணத்தைத் தீட்ட வேண்டும், அவ்வளவே வித்தை.

இவ்வித்தை அமெரிக்காவில் பிறந்தது. டிட்ராய்ட் நகரத்து பாமர் வர்ணக் கம்பெனியில் பணிபுரிந்த டான் ராபின்ஸ் என்பவர், முதலாளி மாக்ஸ் கிளைனுக்காக இதை வகுத்தார். 1951-இல் விற்பனைக்கு வந்தது. லியனார்டோ டாவின்சி தம் சீடர்களுக்கு எண்ணிட்ட பகுதிகளைக் கொடுத்துத் தீட்டச் செய்தார் என்று தாம் கேள்விப்பட்டிருந்ததே இதற்கு வித்து என்பார் ராபின்ஸ். கலை விமரிசகர்கள் எள்ளி நகையாடினர். ஆயினும் 2001-இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

இதையெல்லாம் நான் விரித்துரைக்க, அக்காள் சிரித்தார். "இதென்ன தம்பி அதிசயம்? 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளின்னு கணக்குச் சொல்லித்தானே நாங்க கோலம் போடறோம்?" என்றார். நடுவரிசையில் 15 புள்ளி; இருபுறமும் வரிசைக்கொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். கணக்குப் பொதுவானது, கை மட்டும் அவரவருடையது. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

மறுநாளே தூரிகையை எடுத்துவிட்டார். மேலிருந்து கீழாகத் தீட்டினால் ஈரத்தில் கை படாது. வெளிர் வர்ணத்தின் அடியில் எண் தெரியும். காய்ந்தபின் மறுபடியும் பூச வேண்டும். சிமிழ்களை உடனே மூடிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை மீறியவன் நானே. 7-ஆம் எண் சிமிழை ஓரிரவு திறந்து வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் கட்டி!

சித்திரமோ பனி மூடிய ஓர் அயல்நாட்டு வீடு. பனியின் நிழலுக்குரிய நீலச் சாம்பல் நிறம்தான் அந்த 7. அக்காள் பழுப்பில் சற்று வெள்ளையைக் குழைத்து, தயங்காமல் அந்தக் கட்டங்களை நிரப்பினார். பனி மறைந்து, மழை குன்றிய கிழக்கு அட்டப்பாடியின் வறண்ட சரிவு தோன்றிற்று. எட்டி நின்று நோக்கியபோது கோடுகள் மறைந்தன. அவர் திண்ணையிலிருந்து தினமும் காணும் குன்று அது.

மூலையில் பெயரெழுதச் சொன்னேன். "யாரோ போட்ட படத்துக்கு என் பேரா?" என்று மறுத்தார். பிறர் எழுதியதை இருபது ஆண்டுகளாகத் தமிழாக்கி வரும் எனக்கு அக்கேள்வி சுருக்கென்றது. என் பக்கங்களின் அடியிலும் என் பெயர் இருந்ததில்லை. ஆயினும் வற்புறுத்தினேன். 7-ஆம் எண் கட்டங்களேனும் அவருடையவை அல்லவா? நெடுநேரம் யோசித்து, கணவரின் முதலெழுத்தையும் தம் முதலெழுத்தையும் சேர்த்துச் சிறிதாக எழுதினார்.

நான் புறப்படும் நாள் விடியற்காலையில் கோலமாவு வாங்கிவரச் சொன்னார். எல்லையைத் தாண்டி, தமிழகப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து கொடுத்தேன்.