செருப்பும் குடையும்: இன்பமா, அறமா?

(இமானுவேல் சேகரன் நினைவுநாளையொட்டி சிவகிரியில் ஆற்றிய உரை)



இன்ப வாழ்க்கையா, அற வாழ்க்கையா என்ற கேள்வியைப் பிறர் கேட்பதுபோல் நம்மால் கேட்க முடியாது. ஆசையை விடு, எளிமையாக இரு என்பது வயிறு நிறைந்தவர்களுக்குச் சொன்ன உபதேசம். நமக்கு எளிமை உபதேசமாக வரவில்லை, சட்டமாக வந்தது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடியை வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும். பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. செருப்பும் குடையும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. பட்டியலை மறுபடி பாருங்கள்: எல்லாமே சின்னச் சின்ன இன்பங்கள். ஆகவே பூ வைப்பதும் சட்டை போடுவதும் நமக்கு ஆடம்பரம் இல்லை, உரிமைப் போராட்டம். நல்ல உடுப்பு உடுத்தும் நம் பிள்ளைகளை ‘மினுக்குகிறார்கள்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டியலை அவர்கள் முன் வைப்போம்.

அந்தச் சீமையில்தான் 1924இல் செல்லூரில் இமானுவேல் சேகரன் பிறந்தார். தடைகள் வந்தபோது அவருக்கு ஆறு வயது. வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தார். சீருடை, பூட்ஸ், மாதச் சம்பளம், மரியாதை எல்லாம் கிடைத்தன. அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். ஊர் ஊராக இளைஞர்களைத் திரட்டினார், இரட்டைக் குவளையை எதிர்த்தார். 1957 செப்டம்பர் 10இல் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் கலந்துகொண்டார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அப்போது வயது 32.

தனக்குக் கிடைத்த பூட்ஸ் தன் காலோடு நின்றுவிடக் கூடாது என்று அவர் நினைத்ததாகவே நாம் புரிந்துகொள்கிறோம். அண்ணல் அம்பேத்கரும் இன்பத்தை வெறுத்தவர் இல்லை. நல்ல உடை உடுத்தினார், புத்தகங்களுக்காகவே ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார். ஆனால் 1951இல் மனசாட்சி இடம் தராதபோது மத்திய அமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1956இல் அவர் தேர்ந்த புத்தரும் போகத்தில் மூழ்குவது, உடலை வருத்துவது இரண்டையும் மறுத்து நடுவழி சொன்னவர். எனவே நம்முன் உள்ள கேள்வி இதுதான்: நமக்குக் கிடைத்ததை நம்மோடு முடித்துக்கொள்ளப் போகிறோமா?

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். படித்தோம், வேலைக்குப் போனோம், நகரத்தில் வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டபோது பேச்சை மாற்றினோம். ஊரில் ஒரு வன்கொடுமை வழக்கு என்றால், சாட்சி சொல்ல லீவு இல்லை என்றோம். 1989ஆம் ஆண்டுச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று விதியும் இருக்கிறது. கூடியதா என்று கேட்க ஆள் வேண்டும். சிவகிரி அடங்கிய வாசுதேவநல்லூரும் பக்கத்துச் சங்கரன்கோவிலும் தனித்தொகுதிகள். தொகுதி தனியாக இருந்தால் போதாது, கேள்வி கேட்கும் மக்களும் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் கூட்டத்துக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில் வீட்டில் உலை வைப்பது யார்? ஒரு பெண்ணின் ஓய்வைத் தின்று வளரும் அறம் அறமாகாது. அவளுடைய இன்பமும் நம் கணக்கில் வர வேண்டும்.

யாரையும் சாகச் சொல்லவில்லை, தோழர்களே. மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுங்கள். கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுதிக் கொடுங்கள். சாட்சி சொல்லப் போகிறவர் தனியாகப் போகாமல் கூடப் போங்கள். பெயரையும் ஊரையும் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டே போங்கள். அந்தச் சட்டைக்காக அடிபட்டவர்கள் நம் தாத்தாக்கள்.

ஜெய்பீம்.