பேரீச்ச மரமும் பேசாத பிள்ளையும்

 

வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் கேள்வி ஒன்றை எழுப்பினார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு. அது முஸ்லிமுக்கு உவமை. அது எது என்றார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களின் பக்கம் போயிற்று. சபையில் சிறியவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்திலோ பேரீச்ச மரம் என்ற விடை தோன்றிவிட்டது. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர்களே மௌனமாக இருக்கையில் தாம் பேசுவதா என வெட்கி அடங்கிவிட்டார். முடிவில் நபியவர்களே விடையைக் கூறினார்கள். மகன் பின்னர் இதைச் சொன்னபோது, நீ அங்கே சொல்லியிருந்தால் பெரும் செல்வம் கிடைப்பதைவிட அது எனக்கு உவப்பாய் இருந்திருக்குமே என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பகுதியிலேயே இந்த ஹதீஸைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஓரிடத்தில், மாணவரின் அறிவைச் சோதிக்க ஆசிரியர் வினா எழுப்புவது பற்றிய பாடத்தில். வேறோரிடத்தில், கல்வியில் வெட்கம் பற்றிய பாடத்தில். சிந்தித்துப் பாருங்கள்! அந்தச் சபையில் விடை தெரிந்திருந்தவர், பேசாமல் இருந்த சிறுவர்.

அதே உமர் (ரலி) அவர்கள், தம் ஆட்சிக் காலத்தில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பத்ருப் பெரியோர்களுடன் அமர வைத்தார்கள். ஒருநாள் அல்பகரா அத்தியாயத்தின் 266-ஆவது வசனம் பற்றிக் கேட்டார்கள். சபையோர், அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்றனர். உமர் (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியும் என்றோ, தெரியாது என்றோ சொல்லுங்கள் என்றார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மெல்ல, மனத்தில் ஏதோ தோன்றுகிறது என்றதும், உன்னைக் குறைவாக எண்ணாமல் சொல் என ஊக்கினார்கள். அவர் சொன்ன விடை பாதிதான். ஓர் அமலுக்கான உவமை என்பதோடு நின்றுவிட்டார். மீதியை உமர் (ரலி) அவர்களே விளக்கி நிறைவு செய்தார்கள். பாதி விடை சொன்ன பிள்ளையை நம் வகுப்புகளில் எப்படி உட்கார வைக்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்களே தங்களைச் சூழ்ந்திருப்பதால் எங்களுக்கு வாய்ப்பில்லை என்று பெண்கள் முறையிட்டபோது, அவர்களுக்கென ஒரு நாளையே நபியவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். முட்டி மோதி முன்னால் வாருங்கள் என்று சொல்லவில்லை.

சகோதரர்களே! பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் மாலை மக்தபில் பத்து வயதுச் சிறுவர் ஒருவர் வாசலோரம் அமர்வார். நான் கேள்வி கேட்டால் முன்வரிசையில் மூன்று பேர் கை உயர்த்துவர். பாடம் விரைவாக நகரும், எனக்கும் மகிழ்ச்சி. ஆண்டிறுதியில் ஒவ்வொருவராக அழைத்து வாய்மொழித் தேர்வு நடத்தியபோது, யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அச்சிறுவர் பிசகின்றிச் சொன்னார். பிறகு, எகிப்தில் அதிகாரம் கிடைத்த உடனேயே அவர்கள் ஏன் தந்தைக்கு ஆளனுப்பவில்லை என்று கேட்டார். நான் தஃப்ஸீரைப் புரட்ட வேண்டியதாயிற்று. இதை வகுப்பில் கேட்டிருக்கலாமே என்றேன். "நீங்கள் என்னைக் கேட்டதே இல்லையே, ஹஜ்ரத்" என்றார். அந்த மாதமே அக்குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அதன் பின் வருகைப் பதிவேட்டில் பேசியவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினேன். முதல் வாரம் பாதிப் பெயர்கள் வெறுமையாகவே கிடந்தன. இப்போது கேள்வி கேட்டதும் எவரையும் அழைப்பதில்லை; பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததைச் சபையில் சொல்லக் கூச்சம் குறைகிறது. பிழையாகச் சொன்னவரைப் பார்த்து எவரேனும் சிரித்தால், பாடம் அங்கேயே நின்றுவிடும்.

பெற்றோரிடம் ஒன்று. உறவினர் முன்னிலையில் பிள்ளையை "வாயில்லாப் பூச்சி", "ஊமை" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். பாசத்தில் சொல்கிறோம் என்பீர்கள். பிள்ளையோ அதை நம்பிவிடுகிறது. வாய் திறவாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரம் அஸருக்குப் பின் என்னிடமோ உஸ்தாதிடமோ வந்து பெயரைச் சொல்லுங்கள். பதிவேட்டில் குறித்துக்கொள்கிறோம்.