துடைத்தாலும் போகாத தூசி



ராயபுரத்தில் ஒரு காலத்தில் வெள்ளைத் துணியை மொட்டைமாடிக் கொடியில் நம்பிக் காயப்போட முடியாது. துறைமுகத்தில் குவித்து வைத்த நிலக்கரியும் இரும்புத்தாதும் கடற்காற்றோடு வீட்டுக்குள் வந்துவிடும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னைத் துறைமுகம் அந்த இரண்டையும் இனிக் கையாளக் கூடாது என்று 2011இல் தீர்ப்பு வந்தது. கரிக்கப்பல்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் பக்கம் திரும்பின.

ராயபுரத்துக்கு நிம்மதிதான். எண்ணூருக்கு?

அங்கே 1970இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஜன்னல் கம்பியில் படியும் கரித்தூளைத் துணியால் துடைத்துவிடலாம். கரியும் டீசலும் எரியும்போது பிறக்கும் நுண்துகளைத் துடைக்க முடியாது. அது கண்ணுக்கே தெரியாது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான அளவு. தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கூட இருக்காது.

அதிலும் மிகச் சிறியவை நுரையீரலைக் கடந்து ரத்தத்தில் கலக்கின்றன. மூக்கின் உச்சியில் இருக்கும் மோப்ப நரம்பு வழியே நேரே மூளைக்குள்ளும் போகக்கூடும். மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அந்நியப் பொருளைக் கண்டால் சண்டைக்கு நிற்பது அவற்றின் வேலை. திருடன் ஒருநாள் வந்தால் சரி, தினமும் வந்தால்? ஓயாத சண்டையில் அழற்சி மூளுகிறது, பக்கத்திலிருக்கும் நரம்பு செல்களும் அடிபடுகின்றன.

காற்று மாசு மூளையைக் கெடுக்குமோ என்ற சந்தேகத்தை முதலில் கிளப்பியவை மெக்சிகோ நகரத்து நாய்கள். புகை மண்டிய அந்த ஊரின் இளம் நாய்களுடைய மூளையிலேயே, அல்சைமர் நோயாளிகளிடம் காணும் மாற்றங்களைப் போன்றவற்றை லிலியன் கால்தெரோன் கார்சிதுவேனியஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் கண்டார். 2016இல் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெக்சிகோவிலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுவைச் சோதித்தார்கள். அதில் காந்தத்தன்மை கொண்ட இரும்புத் துகள்கள் கிடைத்தன. பல துகள்கள் உருண்டையாக இருந்தன. உடலில் தானாக உருவானவை கோணம் கோணமாக இருக்கும். கடுஞ்சூட்டில் பிறந்தவைதான் உருண்டையாக இருக்கும். எரிபொருள் எரிவதும் பிரேக் தேய்வதும் அப்படிப்பட்ட சூடு. திருவொற்றியூர் வழியே துறைமுகத்துக்கு நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக, எண்ணூர்ப் பெரியவர் ஒருவரின் மறதிக்கு இந்தப் புகைதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்லிவிட முடியாது. வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனாலும் டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காற்று மாசை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020இல் சேர்த்துவிட்டது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பீடு சொல்கிறது. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40.

வீட்டுப் பெரியவரை மறதிக்காக மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, சர்க்கரை அளவோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: எந்தத் தெருவில், எந்த ஆலைக்குப் பக்கத்தில், எத்தனை வருடம் குடியிருந்தார் என்பதை.