கம்ப்யூட்டர் சொன்னா வேதவாக்கா?

(சிதம்பரத்தில் நடந்த விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நெல்லு போடப் போனால் தராசில் முத்திரை இருக்கான்னு பார்க்கிறோம். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் சட்டப்படி குற்றம். ஆனால் நம்ம நிலத்தையும், பயிரையும், பணத்தையும் இன்னைக்கு எடை போடுவது கம்ப்யூட்டர். அதுக்கு எவன் முத்திரை குத்தினான்? ஆபீசில் போய் நியாயம் கேட்டால், "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது, நாங்க என்ன பண்றது" என்று கையை விரிக்கிறார்கள்.

சிஸ்டம் தப்புப் பண்ணாதா? இங்கிலாந்து நாட்டுக் கதையைக் கேளுங்கள். 1999 முதல் அங்கே தபால் ஆபீசுகளில் புஜிட்சு கம்பெனியின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை வைத்தார்கள். கல்லாவில் பணம் சரியாக இருக்கும். கம்ப்யூட்டர் குறையுதுன்னு சொல்லும். 2015-ல் ஸ்காட்லாந்தில் ஒரு ஆபீசில் 8,000 பவுண்டை வரவு வைக்கும்போது திரை அப்படியே நின்னுபோச்சு. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த, ஒரே பணம் நாலு தடவை வரவாகி, 24,000 பவுண்டு குறைவதாகக் காட்டியது.

இப்படிப்பட்ட கணக்கை நம்பி, 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றத்தில் தண்டித்தார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும் என்று கோர்ட்டே அனுமானித்துக்கொள்ளும். இல்லைன்னு காட்டுற பாரம் ஏழை தலையில். "உங்க ஒருத்தருக்குத்தான் இந்தப் பிரச்சினை" என்றே பலரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னால் நிற்க, 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் பிழை இருந்தது என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் தனிச்சட்டமே போட்டார்கள். தனித்தனியா நின்னப்ப திருடன். சேர்ந்து நின்னப்ப நிரபராதி!

நம்ம கதைக்கு வருவோம். பிரதமர் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய். 2020-ல் கொரோனா காலத்தில் பதிவு முறையைத் தளர்த்தினார்கள். அதிகாரிகளுக்கு உரிய பாஸ்வேர்டு இடைத்தரகர் கைக்குப் போச்சு. நிலமே இல்லாதவனையும் விவசாயி என்று கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உட்பட பல மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சம் பேருக்கு மேல், 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. பூட்டு இல்லாத கதவை வைத்துவிட்டு திருடன் வந்தான்னு கத்தி என்ன பயன்?

திருடனை உள்ளே விட்ட அதே கம்ப்யூட்டர், உழுகிறவனை வெளியே நிறுத்துது. 2025 முதல் விவசாயிக்குத் தனி அடையாள எண் பதிகிறார்கள். பட்டாவை வைத்துத்தான் பதிவு. கோயில் நிலத்தில் குத்தகைக்கு உழுகிறவன் எங்கே போவான்? செத்துப்போன தாத்தா பேரிலேயே பட்டா கிடக்கிறவன் என்ன செய்வான்? வயலில் நிற்கிற பயிர் கண்ணுக்குத் தெரியுது, திரைக்குத் தெரியலையாம்!

கம்ப்யூட்டர் வேண்டாம்னு நாம் சொல்லவில்லை. அதுக்கும் ஒரு தணிக்கை வேணும், பதில் சொல்ல ஒரு ஆள் வேணும் என்கிறோம். அரசே!

1. மனுவைக் கம்ப்யூட்டர் தள்ளினால், காரணத்தைத் தமிழில் எழுதி அதிகாரி கையெழுத்தோடு கொடு!

2. திரையும் வயலும் முரண்பட்டால், வயலுக்கு நேரில் வந்து பார்! கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலை ஏற்றுக்கொள்!

3. குத்தகை விவசாயிகளையும் பதிவில் சேர்!

4. தப்பு யாருடையது என்று நிரூபிக்காமல் எந்த விவசாயியிடமும் பணத்தைத் திருப்பிக் கேட்காதே!

5. விவசாயிகளுக்கான மென்பொருட்களை வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்! அறிக்கையைத் தாலுகா ஆபீசில் ஒட்டு!

தோழர்களே, "சிஸ்டத்தில் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் தனியாக வீட்டுக்குப் போகாதீர்கள். மனு நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். ஒருத்தர் மனு குப்பைக்குப் போகும். ஐந்நூறு பேர் மனு சபைக்குப் போகும்.

தராசுக்கு முத்திரை! கம்ப்யூட்டருக்கும் முத்திரை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!