பர்மா ராணியும் காந்தாரியும்

(நாமக்கல்லில் கலைக்குழுத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையிலே, மலையடிவாரத்தில், ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. நுழைவதற்கு உள்ளே ஏதுமில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் போயிற்று; வளைவு எஞ்சிற்று. நெசவுத் தொழிற் குடும்பத்திலே பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே துணித் தொழில் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1930களிலே எழுப்பிய படக்கோட்டை அது. சென்னைப் பட்டணத்தை அண்ணாந்து பாராமல், சேலத்துச் செம்மண்ணிலேயே நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துக் காட்டியவர் அவர். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் அங்கேதான் உருவாயிற்று. இவையெல்லாம் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்பவை. நான் இன்று பேச வந்தது அவற்றைப் பற்றியன்று. 1945-இல் அங்கிருந்து வெளிவந்த ஒரு யுத்தப் படத்தைப் பற்றி. அதன் பெயர் 'பர்மா ராணி'.

அந்தப் படத்துக்கு வருமுன் யுத்தத்துக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3. வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் ஒரு வார்த்தை கேளாமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். நாற்பது கோடி மக்களின் தலைவிதி ஓர் அறிக்கையிலே முடிந்தது! சேலத்து வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து சென்னை மாகாணத்தின் பிரதமரான ராஜாஜியின் அமைச்சரவை, அந்த அக்டோபரிலேயே பதவி விலகிற்று. (அவரோடு நமக்குள்ள கணக்கு நீளமானது, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

அமைச்சரவை போனதும் கலைக்கு என்ன நேர்ந்தது? கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939-இல் வெளிவந்தது. கதை கல்கியினுடையது, நம் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து வந்த 'விமோசனம்' இதழிலே பணியாற்றியவர் அவர். அந்தப் படத்துக்கு 1940-இல் தடை விழுந்தது. அதே சுப்பிரமணியம் 1945-இல் 'மானசம்ரட்சணம்' என்ற போர்ப் பிரச்சாரப் படத்தை எடுத்தார். தடை பெற்ற கை, ஐந்தே ஆண்டுகளில் பிரச்சாரம் தீட்டும் கையாயிற்று. எப்படி?

துப்பாக்கியைக் காட்டியா? இல்லை, தோழர்களே, படச்சுருளைக் காட்டி! பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய பண்டம். யுத்த காலத்தில் அது அரசின் கைக்குள் அடங்கிற்று. 1943-இலிருந்து உரிமம் பெற்றவருக்கே சுருள். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் ஓடக்கூடாது. போர் முயற்சிக்குத் துணைநிற்கும் படமும் எடுத்துத் தரவேண்டும் என்ற நெருக்கடி. அரிசிக்கு அட்டை போட்டதுபோலக் கற்பனைக்கும் அட்டை! நூற்றுக்கணக்கான தொழிலாளரின் அடுப்பு எரியவேண்டிய ஸ்டூடியோவின் முதலாளி என்ன செய்வார்? எடுத்தார். சுந்தரத்தை நான் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. கூண்டில் ஏறவேண்டியது அந்த உரிமச் சீட்டு.

'பர்மா ராணி'யின் கதை, ஜப்பானியர் பிடித்திருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட நம் விமானப் படையினரைப் பற்றியது. ஜப்பானியர் கொடியவர் என்றது படம். பொய்யா? பொய்யன்று. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942, 43-இல் அவர்கள் போட்டார்களே, அதிலே மாண்ட ஆசியக் கூலிகளின் தொகை 90,000-க்குக் குறையாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களிலே மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களிலே சேலமும் ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள். பாசிசம் வீழ்ந்தாக வேண்டியதுதான். ஆனால் அதை வீழ்த்தும் கதையிலே யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்பதுதான் என் கேள்வி.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். மூட்டை தூக்கியவன், வண்டி இழுத்தவன், வயலில் நாற்று நட்டவன், கைக்குழந்தைக்காரி எல்லாரும் காடும் மலையும் தாண்டி மணிப்பூர் எல்லைக்கு நடந்தார்கள். வழியிலே காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்களின் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. அரசு விரும்பிய யுத்தக் கதை, வானத்தில் பறந்தவனின் கதை. தரையிலே நடந்தவனின் கதையன்று.

இங்கே, நம் சமவெளியிலே? பர்மா அரிசி நின்றது. உலையிலே நொய் கொதித்தது, சில நாள் அதுவும் இல்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று தறிச் சத்தத்தால் பொழுது விடியும் ஊர்களிலே நூலுக்குப் பஞ்சம். 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆணை வந்த பின்னும் சிட்டம் நூல் கள்ளச் சந்தையிலே ஒளிந்துகொண்டது. ஊருக்கு உடுத்தத் தந்தவன் வீட்டிலே உடுத்தத் துணியில்லை. துணித் தொழில் கற்ற ஒருவரின் ஸ்டூடியோவுக்குக் கூப்பிடு தூரத்திலே நடந்த யுத்தம் இது! அதைப் படமெடுக்கச் சுருள் தருவார் யார்?

சுருள் இல்லாவிட்டால் என்ன, மேடை இருந்ததே என்று எழுந்தவர்களும் அதே ஆண்டுகளில் இருந்தார்கள். வங்கத்திலே 1943-இல் பஞ்சம் முப்பது லட்சம் உயிரைத் தின்றது என்கிறார்கள். 1944-இல் கல்கத்தாவிலே பிஜன் பட்டாச்சாரியா எழுதிய 'நபான்ன' நாடகம், இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடையேறிற்று. பட்டினியில் கிராமத்தை விட்டுப் பட்டணத்துத் தெருவுக்கு வந்த உழவர்களே அதிலே கதாபாத்திரங்கள். சாக்குத் துணிதான் திரை. அதற்கு உரிமம் எதற்கு, சுருள் எதற்கு? கல்லூரியை இரண்டாம் ஆண்டிலே உதறிவிட்டு நாடகக் கொட்டகைக்கு வந்தவன் நான். எனக்கு அந்தச் சாக்குத் திரை பட்டுத் திரையினும் பெரிது.

தமிழிலே நடந்து வந்தவனின் கதை திரைக்கு வர 1952 தீபாவளி ஆயிற்று. 'பராசக்தி'! அதுவும் மேடையிலே பிறந்த கதைதான்; பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். திரைக்கு வசனம் தீட்டிய கலைஞர் கருணாநிதி, சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி'யால் 1950-இல் பேர் பெற்றவர். அதே பர்மா, அதே யுத்தம். ஆனால் இங்கே விமானம் குண்டு போடுகிறது. அண்ணன் தம்பியர் சிதறுகிறார்கள். ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரனாகத் திரும்புகிறான். மதுரையிலே தங்கை தெருவுக்கு வருகிறாள். ஏழாண்டு இடைவெளியிலே இரண்டு பர்மாக்கள்! ஒன்று உரிமச் சீட்டு காட்டிய பர்மா. மற்றொன்று, ஊருக்கு ஊர் அகதிகள் வந்து சொல்லியழுத பர்மா.

இது நமக்குப் புதிதா? தருமபுரி, ஆர்க்காட்டுப் பக்கங்களிலே திரௌபதை அம்மன் திருவிழாவின் படுகளத்தைப் பாருங்கள். துரியோதனனை மண்ணாலே பெரிய உருவமாகப் பிடித்துத் தரையிலே கிடத்துவார்கள். பதினெட்டாம் போர் முடிந்தது; பீமன் தொடையைப் பிளந்தான்; பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள். வெற்றி! ஆனால் கூத்து அதோடு முடிவதில்லை. காந்தாரி வருகிறாள். மார்பிலே அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். யாருக்காக? தோற்றவனுக்காக, தீயவனுக்காக! பள்ளிக்கூடம் பாராத நம் கூத்துக் கலைஞன், எதிரியின் தாய்க்கும் அழ நேரம் ஒதுக்கினான். அவனுக்கு எந்த அரசும் சுருள் அளந்து கொடுக்கவில்லை.

இன்றைக்கு வருவோம். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய அந்த நான்கு நாட்களிலே, பல தொலைக்காட்சிகள் அரங்குக்குள்ளேயே அபாயச் சங்கை ஊதின. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சில அறிவித்தன, அது அழியவில்லை. நிகழ்ச்சிகளிலே சங்கொலி வேண்டாம், மக்கள் உண்மைச் சங்கையே நம்பாமற் போவார்கள் என்று மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறையே சொல்லவேண்டி வந்தது! பஹல்காமிலே சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரின் வீட்டு அழுகை உண்மை. பூஞ்ச் எல்லையிலே பீரங்கிக் குண்டு விழுந்து செத்தவர்களின் வீட்டு அழுகையும் உண்மை. இரண்டையும் சங்கு விழுங்கிற்று. அன்று சுருள் இல்லையென்று மிரட்டினார்கள். இன்று, தோழர்களே, சுருள் அளவின்றிக் கிடக்கிறது, மிரட்டாமலே ஊதுகிறார்கள்.

2019 சனவரியில் தொடங்கிவைத்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலே சேலமும் ஒரு முனை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கப்போகும் தம்பியை நான் ஏளனம் செய்யமாட்டேன். நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் செய்யும் உறுப்பு எங்கே போய் எவன்மேல் விழுகிறது என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. கேட்டால் தேசத்துரோகி என்பவர்களுக்கு, சேலத்து வழக்கறிஞரையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1962-இல், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் சென்று கென்னடியின் எதிரே அமர்ந்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்றார். நம் எதிராளிதான், அந்தப் பயணம் மட்டும் நமக்கும் உடன்பாடு.

யுத்தம் தூரத்திலே நடக்கிறது என்று நாமக்கல்லில் எவரும் சொல்லமாட்டார். 2022-இல் உக்ரைனிலே பீரங்கி முழங்கியது. மார்ச்சிலே கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டாலரைத் தாண்டிற்று. இந்த ஊர் லாரிப் பட்டறையிலே அது கேட்டதா இல்லையா என்று பக்கத்தில் உள்ளவரைக் கேளுங்கள்.

ஆகவே கலைக்குழுத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்களிலே பர்மாவிலிருந்து நடந்து வந்தவரின் பிள்ளைகள், பேரர்கள் இருக்கிறார்கள். மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவரின் பெயரை இன்றும் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. நூல் பஞ்சத்தைத் தாயிடம் கேட்டறிந்த முதியவர்கள் தறிக்குழியின் ஓரத்திலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். அவர்கள் சொல்லைத் திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். வட்டாரப் பேச்சு அப்படியே இருக்கட்டும். பழைய கடிதமோ படமோ தந்தால் படி எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தாருங்கள். பொங்கலுக்குள் என்னிடம் கொண்டுவந்தால், மாசித் திருவிழாவுக்குள் நாடகம் எழுதி முடிப்பேன். காந்தாரி வேடத்துக்கு மட்டும் ஆள் இப்போதே வேண்டும். குரல் நன்றாக இருக்கும் தோழியர் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து பெயர் கொடுங்கள்.