போன் படம் பார்த்துப் புண்ணைச் சொல்லுமா?

(பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் தோட்ட வைத்திய உதவியாளர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவின கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

இப்போது லயத்துக்கு லயம் நல்ல போன் இருக்கிறது. காலில் புண், கையில் தேமல் என்றால் பிள்ளைகள் உடனே படம் எடுத்து, "இது என்ன வருத்தம்?" என்று போனையே கேட்கிறார்கள். அதுவும் சட்டென்று பதில் சொல்கிறது. டிஸ்பென்சரிக்கு வந்தால் அரைப்பேர் போய்விடும், போன் என்றால் இருந்த இடத்திலேயே காரியம் முடிகிறது என்று நினைப்பது நியாயந்தான். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

இதைச் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. புதுசா மலைக்கு வரும் பிள்ளைக்கு நாம் எப்படிப் பழக்குகிறோம்? "இது கொழுந்து, இது முத்தல் இலை" என்று காட்டிக் காட்டித்தானே? அதே மாதிரிதான். வைத்தியர்கள் பெயர் எழுதி வைத்த படங்களை ஆயிரக்கணக்கில் யந்திரத்துக்குக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் 129,450 படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். தோல் புற்றுநோயைப் படத்தில் கண்டுபிடிப்பதில் அந்த யந்திரம் 21 தோல் வைத்தியர்களோடு போட்டி போட்டு, அவர்களுக்குச் சமமாக நின்றது. பெரிய சாதனைதான்.

ஆனால் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே அடுத்த வருடம் ஒரு வேடிக்கையை எழுதினார்கள். சந்தேகமான கட்டி என்றால் வைத்தியர்கள் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுப்பார்கள். யந்திரம் என்ன செய்தது? அளவுகோல் உள்ள படமென்றால் புற்று என்று சொல்லச் சாய்ந்தது! கட்டியைப் பார்க்கச் சொன்னால், அடிமட்டத்தையும் பார்த்து வைத்திருக்கிறது.

இன்னொன்று நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். இப்படிப் பழக்கின படங்களில் அதிகம் வெள்ளைத் தோல். 2022இல் ஸ்டான்போர்டிலிருந்து வந்த ஆய்வொன்றில், வெள்ளை, கறுப்பு எல்லா நிறத்திலும் 656 படங்களை வைத்துச் சோதித்தபோது, கறுத்த தோலில் யந்திரங்களின் திறமை குறைந்தது. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் வீக்கம் நம்முடைய தோலில் ஊதா மாதிரி, கருமை மாதிரித்தான் தெரியும். அது அந்த யந்திரம் அதிகம் பார்க்காத நிறம்.

உலக சுகாதார நிறுவனமும் தோல் நோய்களுக்காக ஒரு போன் செயலி தயாரித்து, அதில் இந்த நுண்ணறிவைச் சேர்த்துக் கென்யாவில் பரீட்சித்திருக்கிறது. கவனியுங்கள், அது சுகாதார ஊழியர்களுக்காகச் செய்யப்பட்டது. படம் ஒரு பக்கம், தொட்டுப் பார்க்கிற கை ஒரு பக்கம்.

அந்தக் கை ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு அண்ணனுக்கு முழங்கைக்குக் கீழே வெளிறின தேமல். மகன் படம் எடுத்துக் கேட்டான். போன் படர்தாமரை என்றது. கடையில் டியூப் வாங்கி மூன்று மாதம் பூசினார். ஒருநாள் அடுப்புக் கொள்ளி அந்த இடத்தில் சுட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை! சம்சாரம் பார்த்துத்தான் பதறினார். அது தொழுநோய். படத்தில் தேமல் தெரியும், உணர்ச்சி இல்லாதது தெரியுமா? பஞ்சால் தடவினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நல்ல வேளை, விரல் மடங்குமுன் வந்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சிலருக்கு 6 மாதம், சிலருக்கு 12 மாதம். மருந்து தொடங்கிவிட்டால் மற்றவருக்குத் தொற்றும் பயமும் போய்விடும். சாதி, குடும்பச் சாபம் என்று பேசுகிற கதையை எல்லாம் விட்டுவிடுங்கள், அது கிருமியால் வருவது.

அந்த டியூப் விடயமும் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீரொயிட் இருக்கிறது. படர்தாமரைக்கு அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சணம் உள்ளே பரவும், உருவமும் மாறிவிடும். பிறகு எடுக்கும் படத்தில் போன் மட்டுமல்ல, வைத்தியரே தடுமாறுவார்.

சீனி வருத்தம் உள்ளவர்களின் கால் புண் இதைவிட மோசம். நரம்பு மரத்திருப்பதால் ஆணி குத்தினாலும் நோவாது. மேலே ஒரு ஐந்து சதம் அளவு காய்ப்பு, உள்ளே எலும்பு வரை சீழ் இருக்கலாம். படம் மேல்தோலோடு நின்றுவிடும். உங்களுக்குச் சீனி இருக்கிறது என்பதும், நீங்கள் சொன்னாலொழியப் போனுக்குத் தெரியாது. கவ்வாத்துக் கத்தி வெட்டு என்றால் ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று அது கேட்குமா?

அதற்காகப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எடுத்து எங்களுக்குக் காட்டுங்கள். புண்ணில் போட்ட கோப்பித்தூள், மஞ்சளை எல்லாம் சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்து எடுங்கள். லயத்துக்குள்ளே விளக்கில் எடுத்தால் எல்லாமே மஞ்சள்தான். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு எங்களுக்கு விளங்கும். இரண்டு நாளைக்கொருமுறை எடுத்தால், ஆறுகிறதா பெருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொம்பளைப் பிள்ளைகளின் உடம்பைப் படமெடுத்து யார் யாருக்கோ அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, கெட்ட வாடை, கறுத்துப்போன சதை, இவற்றில் ஒன்று கண்டாலும் போனில் கேட்கவேண்டிய நம்பர் 1990. அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

பஞ்சு கொண்டு வந்திருக்கிறேன். மாதக்கணக்கில் தேமல் உள்ளவர்கள், அரிக்காத தேமலாக இருந்தால் கட்டாயம், கூட்டம் முடிந்ததும் பின் அறைக்கு வாருங்கள். பெண்களை மருத்துவமாது அம்மா பார்ப்பார்.